தண்ணி மோட்டர், ஜெனரேற்றர்: குறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

இலங்கையின் வன்னியில் பரந்தன் தொடக்கம் நெடுங்கேணி வரைக்கும் றிப்பேருக்கு வரும் மோட்டர்களில் நல்ல பங்கு, மோட்டரில் கோளாறே இல்லாமல் வருபவை. வயர் மெலிசாக இருக்கும், உறிஞ்சும் பைப்பின் அடியில் இருக்கும் புட்வால்வ் ஒழுகும், கரண்ட் குறைவாக வரும், மோட்டரைச் சுற்ற வைக்கும் கப்பாசிற்றர் செத்திருக்கும். ஆனால் ஆட்கள் முதலில் கேட்பது "அண்ணை, றீவைண்ட் பண்ண எவ்வளவு வரும்?" என்பதுதான், அதாவது கொயிலைப் புதிதாகச் சுற்ற. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறிய பிறகு, இறைக்கிற மெசினை மூலையில் வைத்துவிட்டுக் கரண்ட் மோட்டருக்கு மாறியவர்கள் வன்னியில் நிறையப் பேர். அதே மாதம் மின்கட்டணமும் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு தரம் ஏறியது. இப்போது வீணாகப் போகிற ஒவ்வொரு யூனிற்றும் வலிக்கிறது.

கீழே குறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாததை முதலில் பாருங்கள், செலவு கூடியது கடைசியில் வரும்.

தொடங்குமுன்

ஒரு மல்ரிமீற்றர், முடிந்தால் வயரைக் கவ்வி அம்பியர் காட்டும் கிளாம்ப் மீற்றர் ஒன்று, 100 வாட் பழைய குண்டு பல்ப் ஒன்று ஹோல்டரோடு, 200 லீற்றர் பரல் ஒன்று. ரெஸ்ரர் மட்டும் போதாது. நியூட்ரல் அறுந்து கிடந்தாலும் ரெஸ்ரர் எரியும், மோட்டர் ஓடாது.

மோட்டரைத் திறக்க முதல் மெயினையே ஓஃப் பண்ணுங்கள். சுவரில் இருக்கும் சுவிட்சை நம்பக்கூடாது, யாராவது அதை நியூட்ரலில் கொழுவியிருப்பார்கள். கரண்டை நிறுத்திய பிறகும் கப்பாசிற்றரில் அடி இருக்கும். அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே அந்தக் குண்டு பல்பை ஒருக்கால் பிடித்துவிட்டுக் கை வையுங்கள்.

புது மோட்டர் பூட்டிய அன்றைக்கே இரண்டு எண்ணைக் கிணற்றுக் கட்டிலோ சுவரிலோ பெயின்ரால் எழுதி வைத்தால் பிறகு பெரிய உதவி: பரல் நிறைய எத்தனை செக்கன், ஓடும்போது எத்தனை அம்பியர். பின்னால் வரும் பரிசோதனைகளில் பாதி இந்த இரண்டையும் ஒப்பிடுவதுதான்.

"உறுமுது, சுத்துதில்லை"

உடனே ஓஃப் பண்ணுங்கள். சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டர், ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் எடுக்கும். அவ்வளவும் சூடாகத்தான் மாறும். "கொஞ்சம் பொறுத்தால் சுத்தும்" என்று விட்டுப் பார்த்து எரிந்த கொயில்கள் எத்தனையோ.

*கையால் சுற்றிப் பாருங்கள்.* மெயின் ஓஃப். பின்பக்க விசிறி மூடியைக் கழற்றி விசிறியைத் திருப்புங்கள். சில மோட்டரில் தண்டின் முனையிலேயே ஸ்குரூ டிரைவர் வைக்கக் கோடு வெட்டியிருக்கும்.

இறுகிப்போய் இருக்கிறதா? மாரியில் இரண்டு மூன்று மாதம் ஓடாமல் கிடந்த மோட்டர் என்றால் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) துருப்பிடித்துப் பம்பின் வீட்டோடு, அதாவது வெளிக்கூட்டோடு, ஒட்டியிருக்கும். தை, மாசியில் வெங்காயத்துக்கு இறைக்கத் தொடங்கும்போது கடைக்கு வரிசையாக வருபவை இவைதான். முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்தால் பெரும்பாலும் விடும். விடாவிட்டால் பம்ப் மூடியைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள். சுத்தியலால் தண்டில் அடிக்க வேண்டாம், பெயாரிங் போய்விடும். மாரியிலும் கிழமைக்கு ஒருக்கால் இரண்டு நிமிடம் ஓடவிட்டால் இந்த வேலையே வராது. மூடியைக் கழற்றியும் தண்டு அசையவில்லை என்றால் பெயாரிங் சிக்கியிருக்கிறது. அதை இழுத்துக் கழற்றத் தனிக் கருவி தேவை, கடைக்குக் கொண்டுபோங்கள்.

இலகுவாகச் சுற்றுகிறதா? அப்படியென்றால் கப்பாசிற்றரும் வயரும்தான் மிச்சம்.

*கப்பாசிற்றர்.* வீங்கியிருந்தால், எண்ணெய் கசிந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். வெளியே நல்லாய் இருந்தால் மல்ரிமீற்றரில் மைக்ரோபரட் அளவில் வைத்துப் பாருங்கள். மேலே 20 என்று அடித்திருந்து 12 காட்டினால் அது செத்த மாதிரித்தான். 10 வீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றலாம். புதிதும் அதே மைக்ரோபரட், அதே வோல்ட் அல்லது கூடின வோல்ட். "பெரிசாப் போட்டா வேகமா இழுக்கும்" என்று 20க்குப் பதில் 36 போடுபவர்கள் உண்டு. மோட்டர் உசாராக ஸ்ரார்ட் ஆகும், உண்மைதான். ஆனால் துணைக் கொயிலில் கரண்ட் கூடி அது முதலில் கருகும்.

*வயர்.* வன்னியில் கூடுதலாகக் காணும் கோளாறு இது, கூடுதலாகக் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். வீட்டு மீற்றரிலிருந்து தோட்டக் கிணறு 100 மீற்றர், 150 மீற்றர் தள்ளி இருக்கும். விலை பார்த்து 1.5 சதுர மில்லிமீற்றர் வயரை இழுத்திருப்பார்கள். கணக்கைப் பாருங்கள். 1.5 செப்பு வயர் 100 மீற்றர் போய்த் திரும்பி வர ஏறக்குறைய 2.4 ஓம். 1 எச்பி மோட்டர் ஓடும்போது 6 அம்பியர் எடுத்தால் வயரிலேயே 14 வோல்ட் போய்விடும். ஸ்ரார்ட் ஆகும்போது 30 அம்பியர் எடுத்தால் 70 வோல்ட் போகும். வீட்டில் 220 இருந்தாலும் கிணற்றடியில் 150தான். இன்டக்சன் மோட்டரின் இழுவை வோல்ட்டின் வர்க்கத்தோடு குறையும்; 230இல் இழுப்பதில் பாதிகூட அந்த 150இல் வராது. அதனால்தான் உறுமிக்கொண்டு நிற்கிறது.

பரிசோதனை லேசானது. மோட்டர் முனையில் லைனுக்கும் நியூட்ரலுக்கும் குண்டு பல்பைக் கொழுவி மோட்டரை ஒரு செக்கன் போடுங்கள். பல்ப் செத்துப்போகிற மாதிரி மங்கினால் வயர், மூட்டு அல்லது லைன். இனி அதே பல்பை வீட்டு மீற்றரடியில் வைத்து இன்னொருவரைக் கொண்டு மோட்டரைப் போடச் சொல்லுங்கள். வீட்டடியில் மங்கவில்லை, கிணற்றடியில் மட்டும் மங்குகிறது என்றால் இடையில் இருக்கும் வயரும் மூட்டுகளும். முறுக்கிச் சுற்றி ரேப் ஒட்டிய மூட்டைத்தான் முதலில் திறந்து பாருங்கள். பச்சை பிடித்து, ரேப் உருகி இருக்கும். மூட்டுச் சரி என்றால் வயரை மாற்றத்தான் வேண்டும்: 100 மீற்றருக்கு 4 சதுர மில்லிமீற்றர் போட்டால் ஓடும்போது இழப்பு 14 வோல்ட்டிலிருந்து ஐந்தரைக்கு இறங்கும்.

வீட்டடியிலும் மங்குகிறது என்றால் வெளி லைன். பின்னேரம் ஆறரையிலிருந்து பத்தரை வரை எல்லா வீட்டிலும் பாவனை உச்சம். ட்ரான்ஸ்போமருக்குத் தூரத்தில் இருக்கும் வீடுகளில் வோல்ட் அப்போது படுத்துவிடும். விடியப்புறம் அதே மோட்டர் துள்ளிக்கொண்டு ஓடினால் காரணம் இதுதான். இறைக்கிற நேரத்தை மாற்றுவது செலவில்லாத வழி. விடியவும் வோல்ட் குறைவாகவே நின்றால் மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள், 1987க்கு அழைக்கலாம். மீற்றருக்கு முன்னால் இருக்கும் எதிலும் நீங்கள் கை வைக்கக்கூடாது.

"ஓடுது, ஆனா தண்ணி காணாது"

*ஒரு சொட்டும் வரவில்லை.* பம்பில் தண்ணீர் நிரப்பி ஓடவிடுங்கள். வந்து, நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் மறுபடி காற்று வாங்கினால் புட்வால்வ் ஒழுக்கு. பாசியோ சின்னக் கல்லோ ரப்பருக்குள் சிக்கியிருக்கும், கழுவினாலே போதும். கழுவியும் ஒழுகினால் சக்சன் பைப்பின் மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள், ஓடும்போது நுரை உள்ளே இழுபடும் இடத்தில்தான் காற்றுப் போகிறது.

*காலையில் நல்லாய் வந்து, போகப் போகக் குறைகிறது.* ஆடி, ஆவணியில் கிணறு இறங்குகிற காலக் குறி. மேலே வைத்த எந்தப் பம்பும் நடைமுறையில் 7 மீற்றருக்குக் கீழே இருந்து ஒழுங்காக உறிஞ்சாது. கயிற்றில் கல்லைக் கட்டி அளந்து பாருங்கள். தாண்டிவிட்டால் மோட்டரைக் கிணற்றுக்குள் தட்டுக் கட்டி இறக்க வேண்டும். இது கரண்ட் மோட்டருக்கு மட்டும். மண்ணெண்ணெய், பெற்றோல் மெசினை எந்தக் காரணம் கொண்டும் கிணற்றுக்குள் இறக்கக்கூடாது. அதன் புகை கிணற்றுக்குள் தேங்கி, மெசினை நிறுத்த இறங்குபவரையும் அவரைத் தூக்க இறங்குபவரையும் சேர்த்துக் கொல்லும்.

*எப்போதும் குறைவாகவே வருகிறது.* இங்கேதான் கிளாம்ப் மீற்றர் உதவும். சுவரில் எழுதிய அம்பியரோடு ஒப்பிடுங்கள்.

தண்ணீரும் குறைவு, அம்பியரும் குறைவு: காற்று வாங்குகிறது, சல்லடை அடைத்திருக்கிறது, அல்லது இம்பெல்லர் தேய்ந்துவிட்டது. முல்லைத்தீவுக் கரையோர மணல் கிணறுகளில் அரை எச்பி பம்பின் பித்தளை இம்பெல்லர் கெதியில் தேயும். அந்த வகைப் பம்பில் இம்பெல்லருக்கும் வீட்டுக்கும் இடையில் மயிரிழை அளவுதான் இடைவெளி, மணல் அதை அகலமாக்கினால் தண்ணீர் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மூடியைக் கழற்றி நகத்தால் தடவிப் பாருங்கள், விளிம்பில் வரி வரியாகக் கீறல் தெரியும். இம்பெல்லரை மாற்றுவது மலிவு. மணல் வருவதை நிறுத்தாவிட்டால் அடுத்ததும் தேயும், புட்வால்வை அடியிலிருந்து தூக்கிக் கட்டுங்கள்.

தண்ணீர் குறைவு, அம்பியர் கூட: எங்கேயோ உரசுகிறது, வோல்ட் குறைவு, அல்லது கொயிலில் கோளாறு. ஒரு விலக்கு, மேலே சொன்ன பித்தளை இம்பெல்லர்ப் பம்பில் டெலிவரி (தண்ணீர் வெளியேறும் பக்கம்) அடைத்தாலும் அம்பியர் கூடும். சாதாரண சென்ரிபியூகல் பம்பில் டெலிவரியை அடைத்தால் அம்பியர் குறையும்.

அம்பியர் சரி, இம்பெல்லர் சரி, ஆனால் தோட்டத்து மூலைக்குத் தண்ணீர் போகவில்லை என்றால் பைப்பைப் பாருங்கள். ஒரு இஞ்சிப் பைப்பை ஒன்றரை இஞ்சியாக்கினால் அதே அளவு தண்ணீருக்கு உராய்வு ஏழில் ஒரு பங்காகிவிடும். பெரிய மோட்டர் வாங்குவதிலும் பார்க்க இது மலிவு. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

"கை வைக்கேலாத சூடு"

கை பொறுக்காது என்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். நல்ல மோட்டரே மேற்பரப்பில் 70 பாகைக்கு வரலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சுர்ரென்று பொரிந்தால் 100ஐத் தாண்டிவிட்டது, உடனே நிறுத்துங்கள். கொயில் தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை ஏறும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

முதலில் விசிறி மூடியைப் பாருங்கள். வேட்டுவன் குளவி காற்று போகும் ஓட்டைகளில் மண்கூடு கட்டி அடைத்திருக்கும். உடும்புத்தோல் மாதிரிக் காய்ந்த அந்த மண்ணை ஒரு குச்சியால் குத்தி எடுத்தால் சில மோட்டருக்கு வைத்தியம் அதோடு முடிந்தது. விசிறி இறகு உடைந்திருக்கிறதா, தண்டில் வழுக்குகிறதா என்றும் பாருங்கள். சூடு காட்டுகிறது என்று சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கும் வீடுகளையும் கண்டிருக்கிறேன். மழைக்கு மூடுங்கள், ஓடும்போது எடுங்கள்.

அடுத்தது வோல்ட், பிறகு கப்பாசிற்றர். இரண்டும் பலவீனமாக இருந்தால் மோட்டர் ஓடும், ஆனால் கூடக் கரண்ட் எடுத்து ஓடும். பிறகு பெயாரிங். நிறுத்தித் தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் மாற்ற வேண்டும். சின்னப் பம்புகளில் கூடுதலாக 6202, 6203 எண்ணுகள், பழையதில் அடித்திருப்பதைப் பார்த்தே வாங்குங்கள். பெயாரிங் தண்ணீர் பட்டுத் துருவேறியிருந்தால் பெயாரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை, பம்புத் தண்ணீர் மோட்டருக்குள் வராமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் ஒழுகுகிறது. இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

இவ்வளவும் சரி, அம்பியர் நேம்பிளேட்டில் உள்ளதிலும் கூட என்றால் கொயில். இனி உங்கள் வேலை இல்லை.

*றீவைண்ட் பண்ணுவதா, புதிதா?* அரை எச்பி, 1 எச்பி மலிவுப் பம்பில் றீவைண்ட் கூலி புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் நான் புதிதே வாங்கச் சொல்வேன். குழாய்க்கிணற்று மோட்டர், மில் மோட்டர் என்றால் றீவைண்ட் பெறுமதி. ஆனால் கேட்டுக் கொடுங்கள்: அதே கேஜ் கம்பி, அதே சுற்று எண்ணிக்கை, செப்பு. அலுமினியக் கம்பிக்கு அதே தடிப்பில் செப்பைப்போல ஒன்றே முக்கால் மடங்குக்குக் கிட்டத் தடை, அந்த இழப்பு ஒவ்வொரு நாளும் உங்கள் பில்லில் வரும். பழைய கொயிலை நெருப்பில் போட்டு எரித்து எடுப்பவரிடம் கொடுக்க வேண்டாம். தகடுகளுக்கு இடையில் இருக்கும் வார்னிஷ் எரிந்துவிட்டால் சும்மா ஓடினாலே இரும்பு சுடும். இரண்டு தரம் எரித்த மோட்டர் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

"மோட்டர் நல்லா ஓடுது, பில் கூடிப்போச்சு"

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மோட்டரை மட்டும் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு மீற்றரைப் பாருங்கள். 1 எச்பி என்பது தண்டில் கிடைப்பது, 746 வாட். மீற்றரில் எடுப்பது அதைவிடக் கூட, 1.1, 1.2 யூனிற் காட்டினால் சரி. மோட்டரை நிறுத்திய பிறகும் மீற்றர் ஓடினால் வேறு எங்கோ கசிவு, வயரிங்காரரைக் கூப்பிடுங்கள்.

மணித்தியாலக் கணக்குச் சரி என்றால் பரலை நிரப்பிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 4 மணித்தியாலம் இறைத்தால் 1.2 கிலோவாட் மோட்டருக்கு மாதம் 144 யூனிற். மெலிசு வயரில் வீணாவது முன்னே சொன்ன கணக்கில் 87 வாட், மாதம் 10 யூனிற். பரல் நிறைய இரண்டு மடங்கு நேரம் எடுத்தால்? அதே பாத்திக்கு 8 மணித்தியாலம் ஓட வேண்டும், மாதம் இன்னொரு 144 யூனிற். பில்லைக் கூட்டுவது அநேகமாக மோட்டரின் வாட் இல்லை, மணித்தியாலம். ஆகவே மேலே "தண்ணி காணாது" பகுதிக்குப் போங்கள். வவுனியாப் பக்கக் கல் நிலத்துக் கடின நீரில் இம்பெல்லருக்குள் வெள்ளைப் படிவு ஏறி வழியை ஒடுக்கியிருக்கும், அதையும் பாருங்கள். வினாகிரியில் ஓரிரவு ஊறப்போட்டால் கழன்று வரும்.

"ட்ரிப் விழுது"

விழுவது ட்ரிப் சுவிட்சா, சின்னப் பிறேக்கரா?

பிறேக்கர் என்றால் கூடக் கரண்ட். மோட்டர் சுற்றாமல் நின்றதால் விழுந்தால் முதல் பகுதியைப் பாருங்கள். போட்டதும் டப் என்று விழுந்தால் சோட், கடைக்குப் போகிற விசயம்.

ட்ரிப் சுவிட்ச் என்றால் கரண்ட் நிலத்துக்குக் கசிகிறது. மெயினை ஓஃப் பண்ணி, மோட்டர்ப் பெட்டியில் மூன்று வயரையும் கழற்றித் தனித்தனியாக மூடி வைத்துவிட்டு மெயினைப் போடுங்கள். அப்போதும் விழுந்தால் மண்ணுக்குள் போகும் வயரில் அல்லது மூட்டில் கசிவு, எலி கடித்த இடம் இருக்கும். விழாவிட்டால் மோட்டருக்குள் ஈரம். பெட்டிக்குள் எறும்பு, பல்லி செத்துக் கிடந்தாலும் இது நடக்கும். துடைத்து வெயிலில் காயவிட்டுப் பாருங்கள்.

எர்த் வயரைக் கழற்றிவிட்டால் ட்ரிப் விழாது. அப்படிச் செய்து "சரிப்பண்ணிய" இணைப்புகள் தோட்டங்களில் இருக்கின்றன. அதற்குப் பிறகு அந்தக் கரண்டுக்கு நிலத்துக்குப் போகும் வழி, ஈரக் காலோடு மோட்டரைத் தொடும் ஆள்தான்.

மில்லில் மூன்று பேஸ் மோட்டர்

உறுமல், சூடு, பலம் குறைவு என்றால் முதலில் மூன்று பியூசையும் பாருங்கள். ஒரு பேஸ் போனால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டர் நிற்காது, மற்ற இரண்டிலும் ஒன்றே முக்கால் மடங்கு கரண்ட் எடுத்து எரியும். மூன்றிலும் கிளாம்ப் வைத்துப் பாருங்கள், ஒன்று மற்றவற்றிலும் 10 வீதம் விலகினால் எலக்றீசியனைக் கூப்பிடுங்கள். அம்பியர் மூன்றும் சமம், ஆனால் அரைப்பு மெதுவென்றால் பெல்ட் வழுக்குகிறது. நிறுத்தியதும் புல்லியைத் தொட்டால் சுடும்.

"ஜெனரேற்றர் ஓடுது, கரண்ட் இல்லை"

பிறேக்கர் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள். அடுத்தது பிளக் பொயின்ற், உள் வயர் கழன்றிருக்கும். பிரஷ் உள்ள வகை என்றால் பின்மூடியைக் கழற்றிப் பிரஷ் நீளம் பாருங்கள், தேய்ந்தோ சிக்கியோ இருந்தால் மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்து இப்போது மீற்றரில் இரண்டு மூன்று வோல்ட் மட்டும் காட்டினால் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தம் போய்விட்டது. 12 வோல்ட் பற்றரியால் அதை எழுப்பலாம். ஆனால் ஏவிஆர் (வோல்ட்டைச் சீராக வைத்திருக்கும் பகுதி) பிளக்கைக் கழற்றாமலோ முனை மாற்றியோ கொடுத்தால் ஏவிஆர் போகும். தெரிந்தவர் செய்யட்டும்.

"மோட்டரைக் கொழுவினா ஜெனரேற்றர் படுக்குது"

1 எச்பி மோட்டரை 1 கேவிஏ ஜெனரேற்றர் இழுக்காது. ஸ்ரார்ட் ஆகும் கரண்டுக்கு 3 கேவிஏயாவது வேண்டும். அளவு சரி, ஆனாலும் படுத்தால் எயார் பில்ரர், பிளக், காபுரேற்றர். பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் பிளக் கரி பிடித்திருக்கும். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய கைப்பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. மண்ணெண்ணெய்க்கென்று அமுக்கம் குறைத்துச் செய்த எஞ்சின் அதற்குச் சரி, இன்றைய பெற்றோல் ஜெனரேற்றர் அப்படியில்லை, தட்டும், பலம் போகும்.

வோல்ட் குறைகிறது என்று எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை முறுக்க வேண்டாம். மல்ரிமீற்றரில் ஹேர்ட்ஸ் பாருங்கள். சும்மா ஓடும்போது 51, 52, சுமையில் 49, 50 என்றால் வேகம் சரி, கோளாறு ஏவிஆரில். 60க்கு ஏற்றிவைத்தால் கொழுவிய மோட்டரும் கூட வேகமாகச் சுற்றிக் கூடச் சுமை இழுக்கும்.

ஒரு பல்புக்கும் ஒரு விசிறிக்கும் 5 கேவிஏ ஓட்டுவது பெற்றோலை ஊற்றி எரிப்பதுதான். சுமை பாதியானால் செலவு பாதியாகாது. இறைப்பையும் மற்ற வேலைகளையும் ஒரே நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளி லைனைத் துண்டித்து ஜெனரேற்றருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டுப் பிளக்கில் ஜெனரேற்றரைக் கொழுவ வேண்டாம், கரண்ட் திரும்பி லைனுக்கு ஏறிக் கம்பத்தில் நிற்பவரை அடிக்கும்.

வெள்ளத்துக்குள் கிடந்த மோட்டர்

2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்வெளிகள் மூழ்கியபோது கடைகளுக்கு வந்தவற்றில் பல, தண்ணீர் வடிந்ததும் "ஓடுதா பாப்பம்" என்று போட்டு எரித்தவை. வெள்ளத்தில் கிடந்த மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது. கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரால் கழுவி, மூடியைத் திறந்து பல நாள் வெயிலில் வையுங்கள். இரவில் உள்ளே 100 வாட் பல்ப் எரியவிடலாம். அதன் பிறகு கடையில் கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொயிலுக்கும் உடலுக்கும் இடையில் 1 மெகா ஓமுக்கு மேலே நின்றால் பூட்டலாம், கீழே நின்றால் இன்னும் காயவிட வேண்டும். கப்பாசிற்றரையும் பெயாரிங்கையும் பார்க்காமலே மாற்றிவிடுங்கள். பெயாரிங்குக்குள் போன சேறு முதல் நாள் சத்தம் போடாது, மாதம் இரண்டு கழித்துத்தான் போடும்.